கஞ்சி ஊற்றிய கை

மில்லின் சங்கு ஊதி நான்கு மாதமாகிவிட்டது. ஆனாலும் பகல் பன்னிரண்டு மணி ஆனால் வாசலில் கூட்டம் கூடிவிடும். பூட்டிய கேட்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில், ஐயாதுரை அண்ணாச்சியின் கஞ்சி அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். தூக்குவாளியோடு முதல் ஆளாக நிற்பவள் பரிபூரணம்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருடம். இராஜபாளையத்தின் அந்தப் பஞ்சாலையில் பதினான்கு வருடம் நூல் சுற்றியவள் அவள். புருஷன் இல்லை, பத்து வயது மகள் தங்கபாய் மட்டும்தான். மில்லைப் பூட்டியதும் தொழிற்சங்கத்தார் மெட்ராஸுக்குப் போனார்கள், வந்தார்கள், மில் திறக்க ஒவ்வொரு தடவையும் வேறு தேதி சொன்னார்கள். அதிகாரிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லாரி புரோக்கராக இருந்த ஐயாதுரைதான் அடுப்பு மூட்டினார்.

தங்கபாய்க்குக் காய்ச்சல் கண்டு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, ஐயாதுரை தன் காரிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரிடம் சத்தம் போட்டுக் கட்டில் வாங்கிக் கொடுத்தார். பிள்ளை கண் விழித்ததும் பரிபூரணம் அவர் காலில் விழுந்தாள்.

"எந்திரி தாயீ. நமக்கு நாமதான்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு. முதலில் கஞ்சி மட்டும் ஊற்றியவர், பிறகு ஊற்றும்போது பேசவும் ஆரம்பித்தார். முதல் வாரம் முதலாளியைத் திட்டினார். அப்புறம் முதலாளி பெயர் மெல்ல நழுவிப்போய், மலையடிவாரத்து மேற்கூர்க் கிராமத்தின் பெயர் வந்து உட்கார்ந்தது. "பாதிக் கூலிக்கு வர மேற்கூர்க்காரிக இருக்கையில ஒங்களை எவன் கூப்பிடுவான்? ஒங்க சோத்துல மண்ணப் போட்டது அவளுகதான்!" வரிசை கை தட்டியது. பரிபூரணத்துக்கு மனசில் இருந்த பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தாற்போல இருந்தது.

கூட வேலை பார்த்த மாரியாத்தாள் மட்டும் கேட்டாள்: "ஏட்டி, கூலியக் கொறைச்சது மொதலாளி. அவரக் கேக்காம, வயித்துப்பாட்டுக்கு வாரவள ஏன் ஏசுத?"

"எம் புள்ள சாகக் கெடந்தப்ப நீயா காரு கொண்டாந்த?" என்று சீறினாள் பரிபூரணம்.

தை மாதம் மில்லின் ஒரு பகுதி மட்டும் திறந்தது. பழைய ஆட்களுக்கு இடமில்லை. மேற்கூர்ப் பெண்களை வேனில் ஏற்றி வந்தார்கள். "பொம்பளைக முன்னால நில்லுங்க. போலீசு கை வைக்க மாட்டான். வேன் ஊருக்குள்ள வரக் கூடாது, வந்தா கல்ல எடுங்க" என்றார் ஐயாதுரை. மறுநாள் அவர் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை.

காலை ஏழரை மணிக்குக் கண்மாய்க் கரையில் வேன் திரும்பியது. முதல் கல்லை எறிந்தது பரிபூரணம். பின்னாலேயே இருபது கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கியதும் டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்தான். வேன் கரையிலிருந்து உருண்டு தண்ணீருக்குள் கவிழ்ந்தது. கூட வந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பரிபூரணம் மட்டும் ஓடவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, கைக்கு அகப்பட்டவளை இழுத்தாள். இசக்கியம்மாள் என்ற பதினேழு வயதுப் பெண். கரைக்கு வருமுன்பே உயிர் போயிருந்தது. வேனில் இருந்த மற்றவர்கள் காயங்களோடு கரையேறினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், பிணவறை வாசலில் அந்தப் பெண்ணின் தாய் பாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே வந்து நின்ற பரிபூரணம் யாரென்று அவளுக்குத் தெரியாது. "எங்க காட்டுல வெள்ளாமை கண்டு மூணு வருசமாச்சும்மா. ரெண்டு நாளா அடுப்பு எரியல. அதான் அனுப்புனேன். பாதிக் கூலின்னா அரை வயித்துக் கஞ்சியாச்சும் கெடைக்குமேன்னு அனுப்புனேன்."

இரண்டு நாள் கழித்து, அதே வேப்பமரத்தடியில், கஞ்சிக்கு நின்ற வரிசைக்கு முன்னால் ஐயாதுரை பரிபூரணத்தை அழைத்துச் சால்வை போர்த்தினார். "நம்ம வீரத் தாயி! இனி ஒரு வேன் வருமா?" கூட்டம் விசிலடித்தது. கல்லெறிந்தது யாரென்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. சொல்ல ஊரில் ஆளில்லை.

பரிபூரணம் சால்வையை எடுத்து மடித்து அவர் நாற்காலியில் வைத்தாள்.

"நான் வீரத் தாயி இல்ல. ஒரு புள்ளையக் கொன்னவ. மொதக் கல்லு என்னுது. எறியச் சொன்னது இந்த அண்ணாச்சி. போலீசுல சொல்லத்தான் போறேன்."

"புத்தி பெரண்டுருச்சு இவளுக்கு. ஏலே, இழுத்துட்டுப் போங்கடா!" என்றார் ஐயாதுரை. யாரோ அவள் தூக்குவாளியை எட்டி உதைத்தார்கள். மாரியாத்தாள் மட்டும் ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

வரிசையில் யாரும் அசையவில்லை. அகப்பை அண்டாவுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷனை நோக்கி நடக்கத் தொடங்கிய பரிபூரணம் நின்று, அந்த முகங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இவிய ஊத்துன கஞ்சியும் நெசம், எம் மகளக் காப்பாத்துனதும் நெசம். அதனாலதான் இவிய சொன்ன பொய்யையும் நெசம்னு நம்புனேன். பசிக்குச் சோறு போட்டா வாங்கித் திங்கத்தான் செய்யணும், தப்பில்ல. ஆனா சோறு போட்ட கையி, நம்மளப் போல பட்டினி கெடக்குற இன்னொருத்தியக் காட்டி 'அடி'ன்னு சொன்னா, அது சோறு இல்ல, நம்ம புத்திக்குக் குடுத்த வெல. நான் வித்துட்டேன். நீங்களாச்சும் விக்காதீங்க."