இந்த வருடப் படங்கள் எல்லாவற்றிலும் ஒரே மனைவி

ஜூன் மாதம் வரை எங்கள் கொட்டகையில் இருபத்து மூன்று புதுப் படங்கள் வந்தன. இருபத்து மூன்றையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உலகத்தில் கதைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. அமெரிக்காக்காரன், சீனாக்காரன், இந்தியாக்காரன் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பியடித்தது போல ஒரே கதையை எடுத்து அனுப்புகிறார்கள். ஒரு தங்கமான மனுஷன். அவனுக்கு ஒரு மனைவி. அவள் ஒரு காரணமும் இல்லாமல் கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் உருகி உருகி நாசமாகிறான். சுபம்.

ஜனவரியில் ராக்கெட் படம். விஞ்ஞானி ஒருத்தி செவ்வாய்க்குப் போகிறாள். படம் எடுத்தவன், ஆராய்ச்சிக்குப் போகிறாள் என்று நினைத்து எடுத்திருப்பான், பாவம். எங்கள் கட்வே பேட்டைக் கொட்டகையில் அவள் புருஷனுக்கு ஒரு வேளை மடோக்கே வாழைக்காய் அவித்து வைக்காமல் ராக்கெட் ஏறிவிட்டாள். "திமிரப் பாருங்க, தலைல இருக்கற கண்ணாடிக் குடத்தக்கூடக் கழட்டாம போறா" என்று படத்துக்குக் குரல் கொடுக்கிற மைக் அழுதது. பிப்ரவரியில் சீனப் படம். இரண்டு கிழட்டுத் துறவிகள் கோயில் மணிக்காக அடித்துக்கொள்கிறார்கள். பெண் வாடையே கிடையாது. அதனால் என்ன, எங்கள் கொட்டகையில் அந்த மணிக்கு நமுத்தேபி என்று பெயர் வைத்தாகிவிட்டது.

நமுத்தேபி என்பது நான்.

ஏப்ரலில் பென்குவின் கார்ட்டூன் வந்தது. தாய்ப் பென்குவின் குஞ்சுக்கு மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறது. இல்லையாம், கார் வைத்திருக்கிற இன்னொரு பென்குவினோடு போய்விட்டதாம். கார் எங்கே என்று முன் பெஞ்சில் ஒருவர் கேட்டதற்கு, "பனிக்குப் பின்னால நிறுத்தியிருக்கான்" என்று மைக் பதில் சொன்னது. கொட்டகையே திரும்பி மூன்றாவது பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தது. நான் வறுத்த கடலையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். கடலையாவது கடலையாகவே இருந்தது.

மைக் பிடித்திருப்பவன் கலுலே. விஜே கலுலே. திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படத்தின் சத்தத்தை அடக்கிவிட்டு, திரையில் யார் வாயைத் திறந்தாலும் எங்கள் லுகாண்டா மொழியில் இவன் பேசுவான். அழுவான், சுடுவான், முத்தம் கொடுப்பான், நடுவில் முட்டைச் சப்பாத்தி சுருட்டித் தருகிற ரோலக்ஸ் கடைக்கு விளம்பரமும் செய்வான். ஊருக்கு அவன் விஜே. எனக்கு எட்டு வருடம் புருஷன்.

ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கலுலேவுக்கு ஆங்கிலம் வராது. நான் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் படித்தவள். சனிக்கிழமை என் சடை பின்னும் சலூனைச் சாத்திவிட்டு, வீட்டில் அவனோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்து, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று வரி வரியாகச் சொல்வேன். ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே மண்டையில் ஏற்றிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை அதற்கு உயிர் கொடுப்பான். உயிர் கொடுத்தது அவன்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்த ஜனவரித் தொடக்கத்தில் ஒரு எஃப்எம் ரேடியோவில் அவனைக் கூப்பிட்டு, ஆங்கிலம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். "நானே கத்துக்கிட்டேன். வீட்டுல உதவின்னு யாரும் இல்ல. என் பொண்டாட்டிக்கு சினிமாவே பிடிக்காது" என்றான் மகராசன். அப்போது என் சலூனில் ஆறு தலைகள் பின்னிக்கொண்டிருந்தோம். ஆறும் திரும்பின. அன்று சாயங்காலமே சலூனுக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு என் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து திரையில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே கதையைச் சொல்கிறான். அதனால்தான் உலகத்தில் கதைப் பஞ்சம்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். சினிமாவே பிடிக்காதவள் அல்லவா, ஒரு வாரம்கூட விடாமல் போய் உட்கார்ந்தேன்.

மே மாதம் முடிவதற்குள் கூட்டம் பாதியாகிவிட்டது. பக்கத்து வட்டாரக் கொட்டகையில் அந்தத் தாய்ப் பென்குவின் தன் குஞ்சிடம் திரும்பி வந்துவிட்டது என்று யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் கொட்டகை முதலாளிக்கு இரட்டைப் பிள்ளைகள் என்பதால் சலோங்கோ என்று கூப்பிடுவோம். அவர் என் சலூன் வாசலில் வந்து நின்றார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன்.

"அம்மா, உனக்கு இங்கிலீஷ் தெரியும்ல?"

"கொஞ்சம் தெரியும், ஐயா."

"உன் புருஷன் படத்துல இருக்கறதச் சொல்றானா, இல்ல எல்லார் காதுலயும் பூ சுத்துறானா?"

"அவன் இப்ப என் புருஷன் மாதிரி இல்ல, ஐயா."

"அதான் ஊருக்கே தெரியுதே. வர ஞாயித்துக்கெழம நான் படத்த நிறுத்திக் கேப்பேன். நீ சொல்லணும். புளுகுறான்னா மைக்கப் புடுங்கிருவேன். வேற விஜே சொல்லி வச்சாச்சு."

அந்த வாரம் முழுக்க என் கை பின்னிய சடைகள் எல்லாம் கோணல். அவன் மைக்கைப் பிடுங்க வேண்டும் என்றுதான் ஆறு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். கிடைக்கப் போகிறது என்றதும் வேண்டாம் என்றிருந்தது. கலுலேவுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. மைக் இல்லாவிட்டால் அவன் வெறும் உயரமான ஆள்.

ஞாயிறு மதியம் வந்தது அந்த இருபத்து மூன்றாவது படம். அட்டையில் ஒரு கிழவன் துப்பாக்கியோடு நின்றான். அதைப் பார்த்துச் சண்டைப் படம் என்று நம்பி சலோங்கோ வாங்கிவிட்டார். உள்ளே ஒரு கிழவன், ஒரு கிழவி, ஒரு நாய், ஊர்ப்பட்ட பனி. ஒரு மணி நேரமாகியும் துப்பாக்கி சுவரை விட்டு இறங்கவில்லை. நல்ல படம். கிழவிக்கு நினைவு தப்பிக்கொண்டே போகிறது, கிழவன் அவளுக்குத் தினமும் தன் பெயரைச் சொல்கிறான். எனக்குக் கையிலிருந்த கடலையே மறந்துபோனது. மைக்கோ, கிழவி வேண்டுமென்றே மறக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஓர் இடத்தில் கிழவன் கட்டிலில் படுத்தபடி நான்கைந்து வார்த்தை பேசினான். கலுலே அதற்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வீட்ட விட்டுப் போன பொம்பள ஒருநாள் என் வாசல்ல வந்து மண்டி போட்டு அழத்தான் போறா!" என்றான்.

சலோங்கோ எழுந்து படத்தை நிறுத்தினார். விளக்கு போடப்பட்டது.

"நமுத்தேபி. கெழவன் அதத்தான் சொன்னானா?"

எண்பது முகங்கள். கலுலே என்னைப் பார்க்கவில்லை, மைக்கைப் பார்த்தான். அவன் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. ஆறு மாதத்தில் ஒருத்திகூட அதைத் தைத்துக் கொடுக்கவில்லை போல. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"அதத்தான் சொன்னான், ஐயா" என்றேன். "வார்த்தைக்கு வார்த்தை சரி. இந்த வருஷம் வர்ற படமெல்லாம் இப்படித்தான் இருக்கு. குத்தம் படத்து மேல."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "அப்ப நீ எப்பம்மா மண்டி போடப் போற?" என்று ஒரு குரல் கேட்டது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. என் காது எரிந்தது. அவன் பிழைப்புக்காக என் தலையில் நானே சேற்றை வாரிப் போட்டுக்கொண்டேன். திருப்திதானே என்று நினைத்துக்கொண்டு கடலைப் பொட்டலத்தைக் கசக்கினேன்.

சலோங்கோ படத்தை ஓட விடப் போனார். மைக் கரகரத்தது.

"இருங்க, ஐயா" என்றான் கலுலே. அது அழுகிற குரலும் இல்லை, சுடுகிற குரலும் இல்லை. எட்டு வருடத்தில் மைக்கில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "அவ பொய் சொல்றா. எனக்காகச் சொல்றா. கெழவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. எனக்கு இங்கிலீஷே தெரியாது. இத்தன வருஷமா ஒவ்வொரு படத்தையும் எனக்குச் சொல்லிக்குடுத்தது நமுத்தேபி. ரேடியோல நான் அவள இல்லாதவளா ஆக்கிட்டேன். என்னவிட அவளுக்குத்தான் சினிமா பிடிக்கும்."

மைக்கை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

முன் பெஞ்சிலிருந்து, போடா என்கிற பைக் டாக்சி ஓட்டுகிற கிப்புக்கா கத்தினார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியுமேப்பா! ஒரு வெள்ளக்காரன் உங்கிட்ட வழி கேட்டப்ப நீ ஓடுனத நான் பாத்தேன். படத்தப் போடுங்கய்யா!"

"அது இருக்கட்டும்," என்றார் சலோங்கோ, "கெழவன் அப்படி என்னதான் சொன்னான்?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஜன்னலச் சாத்து, குளுருதுன்னு சொன்னான்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றார் கிப்புக்கா. ஏமாற்றம் தாங்கவில்லை அவருக்கு. "கலுலே சொன்னதே தேவல."

சலோங்கோ தலையில் அடித்துக்கொண்டார். "புது ஆளும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இன்னொரு ஸ்டூலத் தூக்கிப் போடு. ஏம்மா, நீ அவன் பக்கத்துல உக்காந்து சொல்லு."

"ஸ்டூல்ல மட்டும்தான் உக்காருவேன், ஐயா. வீட்டுக்கு வரேன்னு யாரும் நெனைக்க வேணாம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்தது. கிழவியை உட்கார வைத்துக் கிழவன் அன்றைக்கும் தன் பெயரைச் சொல்லி, மறந்தால் பரவாயில்லை என்றான். நான் கலுலே காதில் சொன்னேன். அவன் உடனே மைக்கில் சொல்லவில்லை, வாயைத் துடைத்துக்கொண்டான், பிறகு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். முன் பெஞ்சில் கிப்புக்கா மூக்கைச் சிந்தினார்.

இந்த வருடம் இதுவரை வந்ததில் அது ஒன்றுதான் உருப்படியான படம். முடிவு எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கடைசிக் காட்சி வரைக்கும் காதில் விழுந்ததை வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் நான் திரையைப் பார்க்கவில்லை.