ஜூலை மாதக் காய்ச்சல்

ஜூலை பிறந்தால் எங்கள் பையன்களுக்குக் கப்பலில் காய்ச்சல் வந்துவிடும். இருபத்தாறாம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேறுகிறது, அதற்கு ஊரில் இருக்க வேண்டும், வேறென்ன. 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடியும் மெயில் எந்தெந்தக் கடலிலிருந்தோ என் மேசைக்கு வரும். எல்லாம் ஒரே அச்சு. அந்த அச்சை வார்த்ததும் நான்தான். கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி எங்களுடையது. ஏறப்போகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மொத்தம் நாற்பது வாக்கியம். மனப்பாடம் பண்ணு, சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்பேன். சேர்த்தால் சிவப்பு மையால் ஒரே அடி.

கீழவைப்பார்ப் பையன் செல்வினிடமிருந்து அந்த மெயில் திங்கட்கிழமை வந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. "இந்த வருசம் எட்டாவது ஆளு" என்று மேனேஜர் பாலகணேஷிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். பதில் போடவில்லை.

வியாழன் மதியம் இன்னொன்று வந்தது. 'ரெஸ்பெக்டட் மேடம்' இல்லை, வணக்கம் இல்லை, எடுத்தவுடன் விஷயம். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: 'மிஸ், வயிறு வலது பக்கம் கீழே. கால் நீட்ட முடியாது. இருமல் வந்தால் உயிர் போகுது. கேப்டன் காய்ச்சல் மாத்திரை கொடுத்து ஊருக்குப் போக நடிப்பு சொல்கிறார். மிஸ், நான் நடிப்பு இல்லை.'

என் நாற்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. வாசித்து முடிக்குமுன்பே எழுந்து பாலகணேஷ் மேசைக்கு ஓடினேன்.

பாலகணேஷ் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இத இப்பிடியே கப்பல்காரங்க பம்பாய் ஆபீசுக்கு அனுப்ப முடியாது விஜிலா. நல்ல இங்கிலீசுல மாத்திப் போடு."

"மாத்துனா திங்கக்கிழம வந்தது மாதிரி ஆயிரும் சார். யாரும் நம்ப மாட்டாங்க."

"கம்பெனி மானம் போயிரும்மா."

"போவட்டும் சார். சொல்லிக்குடுத்தவ நான், என் மானம்தான போவுது."

பிழையெல்லாம் பிழையாகவே அனுப்பினேன். கையோடு பம்பாய்க்குப் போனும் போட்டு, இவன் பொய் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். அவர்களுடைய டாக்டர் கப்பலுக்குப் பேசினார். கப்பல் கொழும்புக்குத் திரும்பியது. வெள்ளி காலை ஆபரேஷன். குடல்வால் வெடித்து, சீழ் வயிறெல்லாம் பரவியிருந்ததாம்.

சனிக்கிழமை செல்வின் மனைவி ஜாய் ஆபீசுக்கு வந்தாள். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஐசியூலதான் இருக்காரு மிஸ். கண்ணு முழிச்சிட்டாரு. நீங்க மட்டும் இல்லன்னா எம்புள்ளைக்கு அப்பா இல்ல."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ரெண்டு நாளைக்கு முந்தித் தெரிஞ்சிருந்தா சாதாரண ஆப்ரேசன்னு டாக்டர் சொல்லுதாரு. இந்த மனுசன் ஏன் மிஸ் அத்தன நாளு வாயப் பொத்திக்கிட்டு இருந்தாரு? வரட்டும், நல்லாக் கேக்குதேன்."

பாலகணேஷ் அவர் மேசையிலிருந்து வேண்டாம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அவர ஒண்ணும் கேக்காத, ஜாய். திங்கக்கிழமையே எழுதிட்டாரு. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே எழுதுனாரு. அதான் நான் நம்பல."

ஜாய் என் கையை விட்டாள்.