அசோக்குமார் பெயரில் ஒரு பாட்டில்

மூத்திரம் கொடுப்பதில் என்ன பெரிய பாவம் என்றுதான் ரஞ்சிதா நினைத்தாள். ஓசூரில் கான்ட்ராக்ட்டில் கிடக்கிற பையன்கள் மெடிக்கல் செக்கப் என்றால் சும்மாவா போகிறார்கள்? கண் சரியில்லாதவன் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போகிறான். பி.பி. இருப்பவன் முதல் நாளே மாத்திரை முழுங்குகிறான். அவள் தம்பி அசோக்குமார் போன வாரம் கொடுத்ததில் ரத்தமும் புரதமும் கலந்திருந்தன. இன்னொரு தடவை பார்ப்போம், அதிலும் புரதம் இருந்தால் பர்மனென்ட் கிடையாது, இருக்கிற கான்ட்ராக்ட்டும் முடிந்தது என்று கம்பெனி சொல்லிவிட்டது. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சலில் ஐந்து வருஷம் நின்றவன், கடைசியில் இதற்கா தோற்பது?

"உன் உடம்பு கல்லு மாதிரிக்கா. உன்னோடதைக் குடேன்" என்றான்.

கழுவிக் காயவைத்த இருமல் மருந்து பாட்டிலில் கொடுத்தாள். அவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பாகலூர் ரோட்டில் இருந்த, கம்பெனிக்குச் செக்கப் செய்கிற டாக்டர் வெங்கடப்பனின் கிளினிக்குக்குள் நுழைந்தான். கார்மெண்ட்ஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அக்கா, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்தில் பல்லெல்லாம் தெரிய வந்தான். "புரோட்டீன் இல்லையாம். ரத்தம் மட்டும் கொஞ்சம் இருக்காம். சூடு, தண்ணி நெறையக் குடின்னு சொல்லி ஃபிட்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. இரு, ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்." எதிரே இருந்த ஒரு ரூபாய் போனுக்கு ஓடினான்.

ரத்தமா? அந்த மூத்திரம் ரஞ்சிதாவுடையதல்லவா? வீட்டுக்கு விலக்காகிப் பதினைந்து நாள் ஆகிவிட்டது, அந்த ரத்தமும் இல்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே கோளாறு என்றால் அது வெறும் சூடாக இருக்குமா? உள்ளே போய்ச் சொன்னால் வேலை போகும். தெரிந்தேதான் எழுந்து போனாள்.

"சார், அந்த பாட்டில் அவனுது இல்ல. என்னுது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டவில்லை.

"போன வாரம் குடுத்தது?"

"அது அவனுதுதான் சார்."

"அவனுக்குக் காது சரியாக் கேக்கல போல?"

"பிரஸ் ஷாப் சத்தம் சார்." கொஞ்சம் யோசித்தாள். "ஸ்கூல் படிக்கறப்பவே மந்தம்தான்."

"அம்மாகூடப் பொறந்த ஆம்பளைங்க?"

"ஒரு மாமா. இருபத்தெட்டு வயசுல மூஞ்சி, காலெல்லாம் வீங்கிச் செத்துப்போனாரு. அவருக்கும் காது கேக்காது. செய்வினைன்னு சொல்லுவாங்க."

"செய்வினையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கிட்னியில ரத்தத்தை வடிகட்டற சல்லடை ஒண்ணு இருக்கும்மா. அதைத் தாங்கறது கொலாஜன்னு ஒரு புரதம். மூணு இழை சேத்து முறுக்கின கயிறுன்னு வெச்சுக்க. அதுல ஒரு இழை பொறவியிலேயே சரியில்லன்னா, சல்லடை கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சுபோகும். மொதல்ல ரத்தம் கசியும், அப்புறம் புரதம். உள்காதுலயும் இதே கயிறுதான் இருக்கு. பெரும்பாலும் அம்மா வழியா வரும். பொம்பளைங்களுக்கு அந்த இழையைச் செய்ய இன்னொரு நல்ல மரபணு இருக்கறதால நிதானமாப் போகும். ஆம்பளைக்கு அது இல்ல. எனக்குத் தோணுறதைச் சொல்றேன். பெங்களூர்ல கிட்னி சதையை எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம்."

"குணமாகுமா சார்?"

"ஆகாது. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா, கிட்னி கெடறதைப் பல வருஷம் தள்ளிப்போடலாம். நீயும் வருஷா வருஷம் பாத்துக்கணும்." மேஜையில் இருந்த தாளை எடுத்தார். "இதை இனி நான் கம்பெனிக்கு அனுப்ப முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். கிழிச்சிடுங்க."

வெளியே வந்தபோது அசோக்குமார் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முகம் செத்துவிட்டது.

"உன்னை யாரு கேட்டாங்க?" என்றான். "அஞ்சு வருஷம்க்கா."

திட்டித் தீர்த்தான். எழுந்து போனான், திரும்பி வந்தான், மறுபடியும் திட்டினான். வேலையைக் கெடுத்தவளுக்கு வாய் ஒரு கேடா என்று அவளுக்கே தோன்றியது. சாலையைப் பார்த்தாள். பாகலூர் பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது.

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேலை போச்சுன்னு அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றான். "அம்மா வழியா வந்ததுன்னு மட்டும் நீ சொல்லிடாத."