‘உதவி’ என்ற கட்டளை

மருந்து நேரத்தையும் பஸ் நேரத்தையும் சொல்ல அப்பாவுக்கென்று ஒரு சாட்பாட் எழுதி, அன்று காலைதான் சர்வரில் ஏற்றியிருந்தாள் மகள். ‘உதவி’ என்று அனுப்பினால் கட்டளைகளின் பட்டியல் வரும்.

மதியம் அலுவலகத்தில் அதன் உரையாடல் பதிவுகளைத் திறந்தாள். அப்பா ஆறு முறை ‘உதவி’ கேட்டிருந்தார். ஆறு முறையும் பட்டியல் போயிருந்தது.

“எங்கப்பா அதை விடவே மாட்டேங்கிறார்” என்று தோழியிடம் சிரித்தாள்.

ஏழாவது வந்தது: ‘உதவி பாத்ரூம்ல விழுந்துட்டேன்’. ‘புரியவில்லை, மீண்டும் முயலவும்’ என்றது பாட்.

அவள் உடனே எதிர்வீட்டு அக்காவுக்கு போன் போட்டுக் கதவை உடைக்கச் சொன்னாள்.

இடுப்பெலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

“எனக்கு ஏம்ப்பா போன் பண்ணல?” என்று ஆஸ்பத்திரியில் அழுதாள்.

“அதுல நீதான் பதில் போடுறேன்னு நெனச்சேம்மா” என்றார் அப்பா.