பதுர்தீன் காக்காவின் அரண்மனைச் சட்டம்

எங்கள் கற்பிட்டியில் பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். பதுர்தீன் காக்காவுக்கு ஒரே மகள், கமறியா. வீடும் ஒன்றுதான். மகளைக் கொடுக்க மனம் இருந்தது. வீட்டைக் கொடுக்கத்தான் இல்லை.

மனிதர் எட்டு மாதம் ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றும் இடத்தில் வேலை செய்தவர். திரும்பி வரும்போது அக்கம்பக்கத்துக்கு ஒரு டோர்ச்சாவது கொண்டுவந்திருக்கலாம். கொண்டுவந்தது அந்த நாட்டுச் சக்கரவர்த்தி குடும்பத்தின் படம். முன் ஹோல் சுவரில் மாட்டிவைத்து, "அவருக்கும் ஒரே பொம்புளப் புள்ளதான்" என்று, ஏதோ பெரியப்பா மகனைப் பற்றிச் சொல்வதுபோல வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

மாப்பிள்ளை இனாஸின் தாய் ஹவ்வா உம்மா கலியாணம் பேச வந்த அன்று, பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கும் வேலியோரம் முருங்கையிலை ஆய வேண்டியிருந்தது.

"வீட்ட எப்ப எழுதுறீங்க, காக்கா?"

"ஜப்பான்ல ராசா குடும்பத்துப் புள்ள சாதாரண ஆள முடிச்சா, அரண்மனைய உட்டு வெளிய போகணும் தங்கச்சி. பட்டமும் போயிரும். அது சட்டம்."

"அப்ப எங்கட இனாஸ் சாதாரண ஆளா?"

"நான் சொல்லல்ல. சட்டம் சொல்லுது."

"ஒங்கட அரண்மனக் கக்கூசுக்குக் கதவே இல்லயாமே!"

அது நான் சொல்லித்தான் ஹவ்வா உம்மாவுக்குத் தெரியும். தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பினார். அப்போது கமறியா உள்ளேயிருந்து வந்தாள்.

"இரிங்க மாமி. சட்டம் எண்டா சட்டம்தான். நான் ஒங்கட வீட்டுக்கு வாறன்."

கலியாணம் முடிந்ததும் அப்படியே செய்தாள். ஊரில் நடக்காத காரியம். காக்காவுக்கு வீடு மிச்சம். ஆனால் மனைவி மவுத்தாகி அடக்கம் செய்து பல வருடம். மனிதருக்கு முட்டை அவிக்கவும் வராது. பத்தாம் நாள் சம்பந்தி வீட்டுக்குப் பகல் சோற்றுக்குப் போனார். பதினோராம் நாளும் போனார். மூன்றாம் கிழமை தலையணையோடு போனார்.

"தங்குங்க காக்கா," என்றார் ஹவ்வா உம்மா. "வீட்டுத் தொறப்ப மட்டும் தாங்க. புள்ளைகள் போய்க் கூட்டிப் பெருக்கட்டும்."

சாவியைக் கொடுத்தார். கூட்டப் போன கமறியாவும் இனாஸும் அங்கேயே குடியிருந்துவிட்டார்கள். ஒரே படுக்கையறை, புதுச் சோடி இருக்கிற இடத்துக்கு இவர் எப்படித் திரும்பிப் போவது?

இப்போது ஹவ்வா உம்மாவின் வெங்காயக் கொட்டிலில் படுக்கிறார். நேற்று அந்தப் பக்கம் போனபோது மெதுவாகக் கேட்டேன்.

"என்ன காக்கா, அரண்மனை போயிட்டே?"

"பதவி விலகின சக்கரவர்த்திக்கு ஜப்பான்லயும் வேற மாளிகைதான்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அது வெங்காயத்தால் என்றும் சொன்னார்.