பாதி அப்பம்

"கைய நீட்டு" என்று அண்ணி வளையலை மாட்டப் பார்த்தாள். வலது மணிக்கட்டைத் தாண்டி அது ஏறவில்லை. முறிந்து, கோணலாகக் கூடிய எலும்பு.

"இடது கையில போட்டுக்கறேன் அண்ணி."

"எதுல வேணா போடு. மூஞ்சிய மட்டும் இப்படி வச்சுக்காத. இன்னைக்கு உன் புருஷன் பக்கத்துல நிக்கணும்."

அவள் தையல்காரி. கணவன் முறித்த கையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அங்கே அண்ணி முகம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஆலயத்தின் கடைசி பெஞ்சில் மட்டும்தான் யாரையும் கேட்காமல் உட்கார முடிந்தது. வாய்விட்டுப் பாட முடிந்தது. இப்போது அதற்கும் வந்தது வினை. கணவனைச் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவனாக்கப் போகிறார்கள். மூப்பர் என்றால் குடும்பம் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். அவனோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் இனி அவளுக்குத் திருவிருந்தில் அப்பம் என்று போதகர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டார்.

"நாலு பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சிராதம்மா" என்றான் அண்ணன்.

திருவிருந்துக்கு முன்னால் போதகர் இருவரையும் அழைத்தார். "நம்ம சகோதரி மனசு மாறி வந்திருக்காங்க. ஸ்தோத்திரம்!"

கணவன் சிரித்த முகத்தோடு கையை நீட்டினான். அவள் அவனைக் கடந்துபோய் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டாள்.

"மனசு மாறல ஐயா. பசியோட வந்திருக்கேன், அவ்வளவுதான்."

போதகர் திகைத்தார். பிறகு ஒன்றும் கேளாதவர்போல மற்றவர்களை வரச்சொன்னார். இருபுறமும் வரிசையாக முழங்காலிட்டார்கள். அப்பத் தட்டு அவளுடைய ஏந்திய கையைத் தாண்டி, பக்கத்திலிருந்த மாமியாரிடம் போனது.

கிழவி அப்பத்தை வாயில் வைக்கவில்லை. இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை மருமகளின் கோணல் கையில் வைத்தாள்.

"அம்மா!" என்று பல்லைக் கடித்தான் மகன்.

"அன்னைக்கு இவ கத்தினப்போ நான் அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டேன்டா." அவள் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

இரண்டு பெண்களும் அப்பத்தைத் தின்றார்கள்.

ஆனாலும் அன்றே அவனை மூப்பராக்கினார்கள். கூட்டம் எழுந்து நின்று நன்றிப் பாட்டுப் பாடியது.

வாசலில் அண்ணன் அவளுக்காக நிற்காமல் அண்ணியோடு போய்விட்டான். அவள் தனியாக நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது மாமியார் மகனின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். கிழவிக்குப் போக வேறு வீடு இல்லை.