தூண் வேண்டிய மூலை

"சாக் எங்க வச்ச, தனம்?"

அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். தையல் மெஷின் டிராயரைத் துழாவி, துணியில் கோடு போடும் நீலக் கட்டியை எடுத்துக் கொடுத்தேன். கல்லில் தோசை கிடந்தது. அவர் சட்டை போட்டிருந்தாரே ஒழிய பித்தான் போடவில்லை. அவருடைய அக்கா இராஜம்மா சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொண்டாட்டி பேச்சக் கேட்டுக்கிட்டு, காலங்காத்தால ரோட்டுல கோலம் போடப் போறியாடா, வாசு?"

"கோலம் இல்லக்கா. தூண் வர வேண்டிய எடத்துல கோடு. பத்து மணிக்கு மாநகர மன்றத்து ஆள் வராரு. வாயால சொன்னா மறந்துருவாரு. கண்ணால பாத்தா மறக்க மாட்டாரு லா."

"முதலாளி வீட்டு மாடியில குடியிருந்துக்கிட்டு முதலாளியவே பகைச்சுக்கிறீங்க. நாளைக்கு சாமானத் தூக்கி அஞ்சடி நடைபாதையில வச்சான்னா நீயும் உன் தூணும் எங்க போவீங்க?"

"அப்ப அந்தப் பெஞ்சுலயே படுத்துக்குவோம்" என்று சிரித்தார். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் தோசையைத் திருப்பினேன்.

எங்கள் தெரு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் கடை. கடைக்கு மேலே வீடு. தெருவின் கோடியில் சோலையப்பனின் மளிகை மொத்தக் கடை. அதன் மாடியில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அந்தக் கடையின் பக்கச் சுவருக்கும் சாலைக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு வெற்று நிலம் இருந்தது. அங்சானா மரம் ஒன்று நிழல் கொடுத்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், கோயிலுக்கு வந்து கால் வலிக்கிறவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் எல்லாரும் அங்கே கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டிகளில் உட்காருவார்கள். சோலையப்பனின் லோரி வந்தால் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். லோரி அந்த நிலத்தின் மேலேயே பின்னால் வந்து பக்கக் கதவில் மூட்டை இறக்கும். போனதும் மறுபடி உட்காருவார்கள்.

எண்பத்து நான்காம் வருடம், கடைத்தெருக்களில் இருக்கும் இப்படிப்பட்ட மூலைகளில் பெஞ்சு, விளக்கு, செடி வைத்துத் தருவதாக மன்றத்தில் முடிவு செய்தார்கள். என்ன வேண்டும் என்று அந்தந்தத் தெருக்காரர்களே கூடிப் பேசிச் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவுக்குச் சோலையப்பன்தான் குழுத் தலைவர். கூட்டம் அவர் கடைக் கிடங்கில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே நடந்தது. பெண்களை அழைக்கவில்லை. ஐந்தடி நடைபாதையில் எனக்கும் ஒரு தையல் கடை இருக்கிறதே என்று நானாகவே போனேன். மூட்டைகளுக்கு நடுவில் இருபது ஆண்கள். காப்பி ஊற்றிக்கொண்டிருந்த சோலையப்பனின் மனைவி நாகம்மை ஆச்சி மட்டும்தான் இன்னொரு பெண்.

எல்லாரும் பெஞ்சின் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் எழுந்து, லோரி ஏறாதபடி பெஞ்சுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில் இரும்புத் தூண்கள் வேண்டும் என்றேன்.

"தூண் போட்டா லோரி எங்க நிக்கும் தங்கச்சி?" என்றார் சோலையப்பன். "அரிசி மூட்டைய உன் மெஷின் மேலயா எறக்கச் சொல்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருந்த என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

"மூட்டைய ரோட்டோரம் எறக்கி உள்ள தூக்கிக்கலாம் அண்ணே. இப்ப பெட்டியில உக்காந்திருக்கவன் லோரியப் பாத்தா பெட்டியத் தூக்கிட்டு ஓடறான். சிமெண்டு பெஞ்சத் தூக்கிட்டு எங்க ஓடுவான்?"

யாரும் சிரிக்கவில்லை. மன்றத்து அதிகாரி, ரஹீம் என்று பெயர், மரியாதைக்கு 'என்சே' என்போம், பக்கத்திலிருந்தவரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு தலையாட்டினார். வியாழக்கிழமை மறுபடி வந்து இடத்தைப் பார்ப்பதாகவும், தெரு ஒத்துக்கொண்டால் தூணுக்குத் தடையில்லை என்றும் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் என் கணவர் சாக்கை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

சோலையப்பன் கடைக்கு லோரி எப்போதும் பத்து மணி வாக்கில்தான் வரும். அன்று விடிந்ததுமே வரச் சொல்லியிருந்தார். அதிகாரி வரும்போது நிலத்தின் மேல் லோரி நிற்கக் கூடாது. மூட்டை இறங்கி, இடம் கூட்டிப் பெருக்கிச் சும்மா கிடக்க வேண்டும். அப்போது தூண் எதற்கு என்று கேட்கலாம். இதை அவர் வாயாலேயே பிறகு ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

லோரி பின்னால் வரும்போது டிரைவருக்கு எதுவும் தெரியாது. பின்பக்கம் நிற்கிற உதவியாள், கெலிண்டான், லோரியின் பலகையில் கையால் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். டிரைவர் அந்தச் சத்தத்தை நம்பித்தான் வண்டியை நகர்த்துவார். தெருவில் எல்லா லோரிக்கும் இதுதான் முறை.

எனக்கு மாடியில் இரண்டு தட்டுக் கேட்டது. பிறகு இன்னும் இரண்டு, அவசரமாக. அதற்குப் பிறகு ஒன்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. யாரோ "ஐயோ" என்றார்கள்.

அவர் தரையில் குந்தி உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கெலிண்டான் ஜெயராஜுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்களுடன் வந்து, எல்லாரும் குளிக்கப் போன பிறகும் படிக்கட்டின் அடியிலேயே நின்றார்.

"தங்கச்சி, நான் தட்டல. எதிர்க் கடையில டீ வாங்கிட்டு இருந்தேன். முதலாளிதான், 'டேய் நேரமாச்சு, வா வா'ன்னு அவரே தட்டிட்டாரு. பின்னால பாக்கல."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "மூணும் பொண்ணும்மா எனக்கு. யாரு தட்டுனாங்கன்னு தெரியலன்னு சொல்லிட்டேன்."

தெருவும் அதையேதான் சொன்னது. கூடவே, அந்த நேரத்தில் என் கணவருக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்டது.

அதிகாரி வருவது தள்ளிப்போனது. கருமாதிக்கு முன்பே குழு மறுபடி கூடியது. நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். இராஜம்மா அண்ணி கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். அழுது அழுது அவர் குரல் ஆண் குரல் மாதிரி ஆகியிருந்தது.

"எங்க போற?"

"கீழ. கூட்டத்துக்கு."

"பதினாறு ஆகல. தீட்டோட போய் நாலு பேரு நடுவுல நிப்பியா? ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் எதுலயும் நீ கால் வைக்கக் கூடாது. வேணும்னா என்னைக் கொன்னுட்டுத் தாண்டிப் போ."

அவர் இழந்தது ஒரே தம்பியை. நான் தாண்டவில்லை.

ஆனால் எங்கள் வீட்டுத் தரை பலகைத் தரை. கீழே பேசுவது எல்லாம் கேட்கும். நான் தரையில் உட்கார்ந்தேன். அண்ணியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தூண் கேட்ட அந்தப் பெண் எங்கே என்று அதிகாரி மலாயில் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"அடாட் கமி, என்சே" என்றார் சோலையப்பன். எங்கள் வழக்கம் அது, கணவனை இழந்தவள் வெளியே வரக் கூடாது, நாலு பேரைப் பார்க்கக் கூடாது என்று மலாயிலேயே விளக்கினார். குரலில் அவ்வளவு துக்கம் இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். அதனால்தான் அப்படி நடந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா தங்களுக்கும் இருக்கிறது, தனக்குப் புரிகிறது, அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்படியானால் தூண் விஷயம் என்ன என்று கேட்டார்.

"அந்தம்மாவே வேண்டாம்னுட்டாங்க என்சே. அந்த எடத்துல எதப் பாத்தாலும் பயமா இருக்காம்."

இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தரையில் குத்தினேன். ஒரு முறை, இரு முறை. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே பேச்சு நின்றது.

"மேல எலித் தொல்ல" என்றார் சோலையப்பன்.

நாற்காலிகள் நகர்ந்தன. காப்பி டம்ளர்களை யாரோ பொறுக்கினார்கள். என் கையைப் பிடித்திருந்த அண்ணியின் பிடி தளர்ந்தது. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் தம்பி சாவ வச்சுப் பொய்யா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பெஞ்சு வந்தது. விளக்கு வந்தது. அங்சானாவைச் சுற்றிச் சிமெண்டு வட்டம் கட்டினார்கள். பெஞ்சின் முதுகில் சலவைக்கல் ஒன்று பதித்து, அதில் என் கணவரின் பெயரைப் பொறித்திருந்தார்கள். முழுச் செலவும் சோலையப்பனுடையது. தெருவே அவரைப் புகழ்ந்தது. லோரிக்கான இடம் மட்டும் அப்படியே, தார் போட்டு இன்னும் வழவழப்பாக, திறந்து கிடந்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் நாகம்மை ஆச்சி மேலே வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாளைக்கு நாந்தான் குத்துவிளக்கு ஏத்தணுமாம். பூச முடிஞ்சதும் ஆளனுப்பிக் கூப்பிடறோம், அதுக்கப்புறம் நீ எறங்கி வந்தாப் போதும்னு சொல்லச் சொன்னாங்க."

"யாரு சொல்லச் சொன்னது ஆச்சி?"

"அவங்கதான்." பழத்தை மெஷின் மேல் வைத்தாள். "ஒன்னு கேட்டா தப்பா நெனைக்காத. அன்னிக்கு நீ மாடியிலதான இருந்த. தட்டுன சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் நல்ல நேரத்துக்கு முன்னாலேயே நான் கீழே இறங்கினேன். தையல் கடை முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பெஞ்சுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவில், அவர் கோடு போட உட்கார்ந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். நெற்றியில் எதுவும் இல்லை. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். பூத்தட்டோடு வந்துகொண்டிருந்த பெண்கள் அங்கங்கே நின்றார்கள். "மொத மொதல்ல இவ மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்று ஒருத்தி சொன்னாள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சோலையப்பன் குனிந்தார். "தங்கச்சி, நல்ல நேரம் போயிடும். உன் புருஷன் பேருக்குத்தான நடக்குது? எழுந்து போம்மா."

"அவரு பேர பெஞ்சுல ஒக்கார வச்சுட்டீங்க. நான் இங்க ஒக்காந்துக்கறேன் அண்ணே. தூண் வந்தா எழுந்திரிக்கறேன்."

அதிகாரி என்னைப் பார்த்து வந்தார். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னேன்: நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. மாடியில் தட்டியது எலி இல்லை.

அவர் தலையிலிருந்த சொங்கோக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் சோலையப்பனையே பார்த்தார். பிறகு, வேலை முடிந்து கணக்கும் மூடியாகிவிட்டது, தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்திட்டுப் புதிதாகக் கேட்டால் என்னால் ஆனதைச் செய்வேன் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பாதிக் கடைகள் சோலையப்பனுடைய கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவை. யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஏத்து, நாகு" என்றார் சோலையப்பன்.

ஆச்சி விளக்கின் முன் நின்றாள். தீக்குச்சியை உரசினாள். அது எரிந்து விரலைச் சுடும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் திரியைப் பார்க்கவில்லை. தன் கணவரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குள் போனாள். விளக்கைக் கடைசியில் ஐயர்தான் ஏற்றினார்.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். எதிர்வரிசையில் ஓர் அறை கிடைத்தது. சாமான்களைத் தூக்கும்போது, அண்ணி முக்காலியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அதை எடுத்துப்போய் அந்த இடத்தில் போட்டு, புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "ஒக்காரு" என்றார்.

அன்றிலிருந்து என் கை வேலை அங்கேதான். பித்தான், கொக்கி, கரை மடிப்பு. லோரி வந்தால் சாலையோரம் நிற்கிறது. ஜெயராஜ் முதுகில் மூட்டையோடு என்னைச் சுற்றி உள்ளே போவார். முணுமுணுத்ததே இல்லை. அவருக்குப் பிறகு வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். சோலையப்பன் இறந்துபோனார். கடை கைமாறியது. பெஞ்சில் எப்போதும் ஆள் இருக்கிறது. கையெழுத்துக்காக நான் பல முறை தெருவை ஏறி இறங்கிவிட்டேன். "பாக்கலாம்கா, தைப்பூசம் முடியட்டும்" என்கிறார்கள்.

பெண் பார்க்கப் போகிறவர்கள், பத்திரிகை கொடுக்கக் கிளம்புகிறவர்கள், புதுச்சட்டை போட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போகிறவர்கள் காலையில் இந்த மூலைக்கு வருகிறார்கள். என்னைக் கண்டதும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைபாதையை விட்டு இறங்கி, சாலையில், நிற்கிற லோரிக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள்.

இன்று காலையிலும் அப்படித்தான் போனார்கள்.